நான்கு மடங்கு என்றொரு கணக்கு

பிள்ளை வேண்டும் என்று மருத்துவரிடம் போகும் பெண்ணுக்கு முதலில் எழுதித் தரப்படுவது மாதவிலக்கையே நிறுத்திவிடும் ஊசியாக இருக்கலாம். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்கு ஐ.வி.எஃப். செய்யும் பல மருத்துவமனைகளில் இது நெடுநாள் வழக்கம். மாதம் ஒரு ஊசி வீதம் மூன்று மாதம். சிலருக்கு ஆறு மாதம். கருமுட்டையை வளர்க்கும் ஊசிகள் அதற்குப் பிறகுதான். ஏன் இந்தக் காத்திருப்பு என்று கேட்டால், உள்ளே இருக்கிற புண் முதலில் அடங்கட்டும், அப்போதுதான் கரு ஒட்டும் என்பார்கள். கேட்பவருக்கு நியாயமாகவே தோன்றும்.

ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இந்த முறைக்கு இடம் இருந்தது: ஐ.வி.எஃப். போன்ற சிகிச்சைக்கு முன் மூன்று முதல் ஆறு மாதம் இந்த ஊசியைக் கொடுக்கலாம், கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும் என்றது. அதே சங்கம் 2022-இல், பலன் தெளிவாக இல்லாததால் குழந்தைப் பேற்றைக் கூட்டுவதற்காக இதைப் பரிந்துரைக்கவில்லை என்று எழுதியது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் மருந்தும் அதேதான், நோயும் அதேதான். பழைய நம்பிக்கை எத்தனை பெண்களை வைத்து எழுந்தது என்று எண்ணிப் பார்த்தால் இந்த மாற்றம் விளங்கும்.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. கருப்பையின் உள்படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலும் கருக்குழாயைச் சுற்றியும் கருப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவிலுள்ள பள்ளத்திலும் வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய 10 சதவீதம் பேருக்கு, அதாவது 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. மாதவிலக்கு இரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய் வழியே பின்னோக்கி வயிற்றுக்குள் போய் அங்கே வேரூன்றுகிறது என்று நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியிலிருந்த ஜான் சாம்ப்சன் 1920-களில் எழுதினார். இன்றும் அந்த விளக்கமே முன்னால் நிற்கிறது. ஆனால் அப்படிப் பின்னோக்கிப் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடப்பதுதான். சிலருக்கு மட்டும் ஏன் வேரூன்றுகிறது என்பதற்கு அவரிடம் முழு விடை இல்லை. சினைப்பைக்குள் பழைய இரத்தம் தேங்கிக் கட்டியானால் அதற்குச் சாக்லேட் கட்டி என்று பெயர். ஸ்கேன் ரிப்போர்ட்டில் எண்டோமெட்ரியோமா என்று போட்டிருப்பார்கள்.

இந்தத் திசு ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளர்கிறது. போதாததற்கு, அரோமட்டேஸ் என்ற நொதியைக் கொண்டு தனக்கு வேண்டிய ஈஸ்ட்ரோஜனில் ஒரு பங்கைத் தானே செய்தும்கொள்கிறது. அதைச் சுற்றி அழற்சி ஓயாது. கருப்பையின் சொந்த உள்படலமோ புரோஜெஸ்ட்டிரோனின் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. கரு வந்து ஒட்டும் நாட்களில் அந்தப் படலம் பக்குவப்பட வேண்டும் என்றால் புரோஜெஸ்ட்டிரோன் சொல்வதைக் கேட்டாக வேண்டும். ஆகவே ஈஸ்ட்ரோஜனைச் சில மாதம் வற்றவைத்தால் அழற்சி தணியும், படலம் பழைய குணத்துக்குத் திரும்பும் என்பதே ஊசிக்குப் பின்னால் உள்ள தர்க்கம்.

அந்த ஊசி பிறந்த கதை ஆய்வுலகின் நல்ல கதைகளில் ஒன்று. மூளையின் ஹைபோதலாமஸ் பகுதி பிட்யூட்டரிச் சுரப்பிக்கு அனுப்பும் கட்டளை ஹார்மோன் ஜி.என்.ஆர்.எச். பத்தே அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. அதன் அமைப்பை 1971-இல் ஆண்ட்ரூ ஷாலியின் குழு கண்டுபிடித்தது. அதற்காக லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளின் மூளையிலிருந்து எடுத்த திசுவை வடித்தார்கள். கைக்கு வந்தது மில்லிகிராமுக்கும் குறைவு. போட்டியாளரான ரோஜர் கில்லெமின் செம்மறியாடுகளை வைத்து அதே ஹார்மோனைத் துரத்திக்கொண்டிருந்தார். ஒருவருக்கொருவர் ஆகாத இருவருக்கும் 1977-இல் நோபல் பரிசைச் சேர்த்தே கொடுத்தார்கள்.

மருந்தாக அது உருவெடுக்க வழி திறந்தது குரங்குகளிடம். எர்ன்ஸ்ட் நோபிலின் குழு 1978-இல் ரீசஸ் குரங்குகளுக்கு இந்த ஹார்மோனை இரண்டு விதமாகச் செலுத்திப் பார்த்தது. மணிக்கு ஒரு தடவை, சில நிமிடங்கள் மட்டும் செலுத்தியபோது பிட்யூட்டரி ஒழுங்காக வேலை செய்தது. இடைவிடாமல் சொட்டவிட்டபோது முதலில் கொஞ்சம் துடித்துவிட்டுப் பிறகு அடங்கிவிட்டது. மறுபடி மணிக்கு ஒரு தடவை என்று மாற்றியதும் விழித்துக்கொண்டது. கட்டளையின் அளவைவிட அது வரும் தாளம்தான் பிட்யூட்டரிக்கு முக்கியம் என்பது அந்தச் சோதனையில் தெரிந்தது. லியூப்ரோலைடு, கோசெரெலின், டிரிப்டோரெலின் ஆகிய டெப்போ ஊசிகள் எல்லாம் செய்வது இதைத்தான்: தாளத்தைக் கலைத்து, ஒரே மூச்சில் கட்டளையிட்டு, பிட்யூட்டரியைச் செவிடாக்குகின்றன. ஊசி போட்ட முதல் ஓரிரு வாரம் ஈஸ்ட்ரோஜன் ஏறும். சிலருக்கு வலியும் கூடும். பிறகு சினைப்பை உறங்கிவிடும். மாதவிலக்கு நிற்கும். முப்பது வயதுப் பெண்ணுக்கு நடு இரவில் முகமும் கழுத்தும் திடீரென்று கொதித்து வேர்க்கும், தூக்கம் கலையும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், ஆறு மாதம் தொடர்ந்தால் எலும்பின் அடர்த்தியும் கரையத் தொடங்கும். அதைத் தடுக்கத்தான் நோரெதிஸ்டிரோன் போன்ற மாத்திரையைக் குறைந்த அளவில் கூடவே கொடுக்கிறார்கள்.

இந்த ஊசிகள் வலியைக் குறைக்கும் என்பதில் சந்தேகம் இல்லை. இயற்கையாகக் கருத்தரிக்க இவை உதவா என்பதிலும் சந்தேகம் இல்லை. சினைப்பையை அடக்கும் மருந்து உடலில் இருக்கும்வரை கருமுட்டை வெளிவராது. நிறுத்திய பிறகும் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடவில்லை என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2007-ஆம் ஆண்டு மீளாய்வு காட்டியது. அந்த மாதங்கள் குழந்தை தேடும் தம்பதிக்கு வெறும் இழப்பு. இதில் இன்று வழிகாட்டுதல்கள் ஒரே குரலில் பேசுகின்றன. வழக்கு எல்லாம் ஐ.வி.எஃப்-க்கு முந்திய மாதங்களைப் பற்றியதுதான்.

எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்கு ஐ.வி.எஃப்-இலும் பலன் குறைவு என்ற எண்ணத்துக்கு 2002-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு வலுவூட்டியது. கர்ட் பார்ன்ஹார்ட்டும் சகாக்களும் 22 ஆய்வுகளைச் சேர்த்து, கருக்குழாய் அடைப்புக்காக ஐ.வி.எஃப். செய்துகொண்டவர்களோடு ஒப்பிட்டால் இவர்கள் கருத்தரிக்கும் வாய்ப்பு பாதியை ஒட்டியே இருக்கிறது என்றார்கள். அப்படியானால் எதையாவது செய்தாக வேண்டும் என்ற அவசரம் பிறப்பது இயல்பு. அதே ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோவிலிருந்து எரிக் சரியின் குழு ஒரு சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வை, அதாவது யாருக்கு ஊசி என்பதைக் குலுக்கல் போல முடிவுசெய்யும் ஆய்வை, வெளியிட்டது. ஐ.வி.எஃப்-க்கு முன் மூன்று மாதம் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 80 சதவீதம் பேருக்குக் கர்ப்பம் நிலைத்தது. ஊசி இல்லாதவர்களில் 54 சதவீதம்.

சதவீதத்தை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணுவோம். ஊசி போட்டவர்கள் 25 பேர். அவர்களில் 20 பேர் கருவுற்றார்கள். போடாதவர்கள் 26 பேர். அவர்களில் 14 பேர். புள்ளியியலின் வழக்கமான சோதனையில் இந்த வேறுபாடு, தற்செயல் அல்ல என்று சொல்வதற்கான வாசற்படியை மயிரிழையில் தாண்டுகிறது. 20 என்பது 19 ஆகியிருந்தால், அதாவது ஒரே ஒரு பெண்ணுக்குக் கர்ப்பம் நிற்காமல் போயிருந்தால், தாண்டியிருக்காது. காகிதமும் பேனாவும் இருந்தால் யாரும் போட்டுப் பார்க்கலாம். சரியின் குழு எதையும் தவறாகச் செய்யவில்லை. இத்தனை பேரை வைத்து இவ்வளவுதான் சொல்ல முடியும்.

2006-இல் ஹசன் சல்லாமும் சகாக்களும் காக்ரேனுக்காக இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்தார்கள். தேறியவை மூன்று, மூன்றிலும் சேர்த்து 165 பெண்கள். முடிவு: ஊசி போட்டுக்கொண்டவர்கள் கருத்தரிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல். கருத்தரங்குகளிலும் மருந்து நிறுவனங்களின் வழவழத் தாள்களிலும் ஓடிப் பரவுவதற்கென்றே பிறந்த வாக்கியம்.

அந்த நான்கு மடங்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கருத்தரித்தவர்களைக் கருத்தரிக்காதவர்களால் வகுத்து, வரும் ஈவுகளை ஒப்பிட்டுக் கிடைப்பது அது. சரியின் ஆய்விலேயே போட்டுப் பார்க்கலாம். ஒரு பக்கம் 20-க்கு 5, அதாவது 4. மறுபக்கம் 14-க்கு 12, அதாவது 1.17. ஒன்றை மற்றதால் வகுத்தால் ஏறக்குறைய மூன்றரை. ஆனால் 54 சதவீதம் 80 ஆனது ஒன்றரை மடங்குதான். பாதிப் பேருக்கு மேல் கருத்தரிக்கும் ஓர் ஆய்வில் கர்ப்பங்கள் நான்கு மடங்காவது கணக்கிலேயே நடக்காது. தொகுத்தவர்கள் அதைச் சரியான பெயரிட்டுத்தான் எழுதினார்கள். வாய்வழியாக வரும்போது பெயர் உதிர்ந்து எண் மட்டும் மிஞ்சியது.

கர்ப்பம் வேறு, கையில் குழந்தை வேறு. உயிருள்ள குழந்தை பிறந்ததா என்று 2006 தொகுப்பில் சொன்ன ஆய்வு ஒன்றே ஒன்று. அதன்படி வாய்ப்பு 9 மடங்கு. ஆனால் அந்த 9-இன் நிச்சய எல்லை 1.08-இல் தொடங்கி 78.22 வரை நீண்டது. பிறக்கப் போகும் பிள்ளை வளர்ந்தால் ஓரடிக்கும் எழுபத்தெட்டு அடிக்கும் நடுவில் எங்கோ இருப்பான் என்று சொல்கிற சோதிடரை நாம் இரண்டாவது தடவை பார்க்கப் போக மாட்டோம்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து 2019-இல் காக்ரேன் இதே கேள்வியை மறுபடி எடுத்தது. முந்திய தொகுப்பைச் செய்த சல்லாம் உள்ளிட்ட சிலர் இதிலும் இருந்தார்கள். தம் பழைய முடிவைத் தாமே கலைக்க முன்வந்தது பாராட்ட வேண்டிய செயல். இம்முறை எட்டு ஆய்வுகள், 640 பெண்கள். கருத்தரிப்பைப் பற்றிச் சொன்ன ஆறு ஆய்வுகளில் ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இடையில் பெயர் சொல்லும்படி வித்தியாசம் இல்லை: விகிதம் 1.13, எல்லை 0.91 முதல் 1.41 வரை. குழந்தைப் பேற்றைப் பற்றிச் சொன்னது இப்போதும் ஒரே ஆய்வுதான், 147 பெண்கள். அதில் முள் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. ஊசி இல்லாமல் 36 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறக்கும் என்று வைத்துக்கொண்டால், ஊசியோடு 9 முதல் 31 சதவீதத்துக்குள்தான் இருக்கும் என்றது அது. அந்தச் சான்றின் தரம் மிகவும் தாழ்ந்தது என்று தொகுத்தவர்களே முத்திரை குத்தினார்கள். எனவே ஊசி கெடுதல் செய்கிறது என்று இதைக் கொண்டு வாதாடவும் முடியாது. நான்கு மடங்கு போய்விட்டது. அந்த இடத்தில் நம்பிக்கையாக நிறுத்துவதற்கு வேறு எண் வரவில்லை. 2022 வழிகாட்டுதல் இந்த நிலையைத்தான் சொல்கிறது.

இலேசான நோய் உள்ளவர்களை மட்டும் எடுத்து கிரேக்கத்தில் நடந்த ஓர் ஆய்வு 2020-இல் வெளிவந்தது. நீண்ட நாள் ஊசிக்குப் பிறகு ஆய்வகத்தில் கருமுட்டை கருவுறும் விகிதம் கூடியது, கர்ப்பம் கூடவில்லை. இடைப்படியில் ஏதோ சீராகிறது, கடைசிப்படிக்கு அது போய்ச் சேர்வதில்லை.

இந்த இடத்தில் நின்று ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். இந்நோயில் கெட்டுப்போவது கருமுட்டையா, கருப்பையின் படலமா? ஊசியின் பயன் முழுவதும் இந்த விடையைப் பொறுத்திருக்கிறது. ஸ்பெயினின் வலென்சியாவில் கார்லோஸ் சிமோன், அன்டோனியோ பெலிசெர் குழு 1994-இல் இதற்கு ஒரு நல்ல வழி கண்டது. தானமாகப் பெற்ற கருமுட்டைகளைக் கொண்டு நடந்த சிகிச்சைகளைப் பார்த்தார்கள். முட்டை பெற்றுக்கொண்ட பெண்ணுக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருந்தாலும் கரு ஒட்டும் விகிதம் குறையவில்லை. முட்டை கொடுத்தவருக்கு இருந்தபோது குறைந்தது. குற்றம் முட்டையில் என்று பலர் தீர்ப்பெழுதினார்கள். ஆனால் முட்டை பெறுபவரின் கருப்பையை வெளியிலிருந்து ஹார்மோன் கொடுத்துத் தயார்செய்துதான் கருவை வைப்பார்கள். சொந்தச் சினைப்பையை அடக்கிவிட்டே அதைச் செய்வதும் உண்டு. அப்படியானால் அந்தப் பெண்களின் படலம் நல்ல படலமாகவே இருந்ததா, மருந்தால் நல்லதாக்கப்பட்டதா? இரண்டாவதுதான் என்றால், வலென்சியாவின் எண்கள் ஊசிக்கு எதிரான சாட்சி அல்ல. ஒருவகையில் அதற்கு ஆதரவானவை.

நான் சாய்வது இந்தப் பக்கம்தான். ஈஸ்ட்ரோஜனை அடக்குவதில் ஏதோ நன்மை இருக்கக்கூடும். அதைக் கொடுக்கும் வரிசைதான் பிழைபட்டிருக்கிறது. மூன்று மாதம் உறங்கவைத்த சினைப்பையை உடனே எழுப்பி ஏழெட்டு முட்டைகள் தா என்று கேட்டால் அது முரண்டுபிடிக்கும். முட்டையை வளர்க்கும் ஊசியின் அளவைக் கூட்ட வேண்டும், நாட்கள் நீளும், அதற்கேற்பச் செலவும் ஏறும். முட்டை இருப்பு நன்றாக உள்ள இளம் பெண் இதைத் தாங்கிக்கொள்வாள். இரண்டு சினைப்பையிலும் சாக்லேட் கட்டி, ஏற்கெனவே ஒரு லேப்ராஸ்கோப்பி, முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். அளவு ஒன்றுக்கும் கீழே என்று ஒருத்தி வரும்போது கதை வேறு. அவளிடம் எடுக்கக் கிடைப்பதே மூன்று நான்கு முட்டைகள். அதிலும் ஒன்றிரண்டை இழப்பது பெரிய இழப்பு. ஆறு மாதம் வரையிலான தாமதத்தால் மட்டும் குழந்தைப் பேறு குறைந்துவிடாது என்று நியூயார்க்கின் கார்னெல் மருத்துவர்கள் முட்டை இருப்பு குறைந்தவர்களிடமே பார்த்து 2020-இல் எழுதினார்கள். அதனால் நாட்காட்டியைக் காட்டிப் பெண்களைப் பயமுறுத்துவதும் சரியல்ல. கவலை வெறும் காத்திருப்பைப் பற்றியது அல்ல. சினைப்பை அடங்கிப்போன நிலையில் முட்டைக்கு முயல்வதைப் பற்றியது.

மாத்திரைகளிலும் இதே கதை தெரிகிறது. டொமினிக் டி சீக்லரின் குழு 2010-இல், ஐ.வி.எஃப்-க்கு முன் ஆறு முதல் எட்டு வாரம் கருத்தடை மாத்திரை கொடுத்ததில் நல்ல பலன் கண்டதாக எழுதியது. ஊசியைவிட மலிவு, இரவில் வேர்க்காது, சினைப்பையை உடனே எழுப்பவும் முடியும். ஆனால் அது சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வு இல்லை. இன்று இந்தியாவில் எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கு அதிகம் எழுதப்படும் மாத்திரைகளில் ஒன்றான டையனோஜெஸ்ட்டை ஜப்பானில் ஐ.வி.எஃப்-க்கு முன் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-இல் வந்த முடிவில் கிடைத்த முட்டைகளும் குறைவு, ஐந்தாம் நாள் வரை வளர்ந்த கருக்களும் குறைவு. கருத்தடை மாத்திரைக்கும் டையனோஜெஸ்ட் போன்ற புரோஜெஸ்டின்களுக்கும் போதிய சான்று இல்லை என்று 2022 வழிகாட்டுதல் அவற்றையும் ஒதுக்கிவிட்டது.

வரிசையைத் திருப்பிப் போட்டால் என்ன? முதலில் முட்டைகளை எடுத்து, ஆய்வகத்தில் கருவாக்கி, உறையவைத்துவிடலாம். அதன்பின் இரண்டு மூன்று மாதம் ஊசி போட்டுக் கருப்பையைத் தணித்து, பிறகு கருவை வைக்கலாம். முட்டைக்கு வேண்டியது முட்டைக்கு, படலத்துக்கு வேண்டியது படலத்துக்கு என்று இரண்டும் பிரிந்துவிடும். கருப்பைத் தசைக்குள்ளேயே இத்திசு வளரும் அடினோமயோசிஸ் உள்ளவர்களுக்குப் பல மருத்துவர்கள் இப்போது இப்படித்தான் செய்கிறார்கள். தூண்டுதல் ஊசிகளால் குழம்பிய சுழற்சியைத் தவிர்த்து, கருவை உறையவைத்து, அமைதியான இன்னொரு சுழற்சியில் வைப்பது என்ற யோசனை இந்தியாவுக்குப் புதிதல்ல. 1978-இல் கல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகர்ஜி ஐ.வி.எஃப்-இல் செய்தது அதுதான். கருவை 53 நாள் உறையில் வைத்திருந்தார். அவரை நம்பாமல் விசாரணைக் குழு அமைத்து அவமானப்படுத்தியது அரசு. 1981-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அவர் கையாண்ட வரிசைதான் இன்று உலகமெங்கும் ஐ.வி.எஃப். ஆய்வகங்களின் அன்றாட வேலை.

ஆனாலும் இந்தத் திருப்பிப்போட்ட வரிசைக்கும் ஆதாரமாக இருப்பவை பெரும்பாலும் பழைய கோப்புகளைப் புரட்டிப் பார்த்த ஆய்வுகள். 2006-இன் நான்கு மடங்கைப் போல இதுவும் அடுத்த பத்தாண்டில் கரைந்துபோகலாம். மருத்துவமனைகளின் விளம்பரங்களில் இது முடிந்த உண்மையைப் போல வருவதைப் பார்த்தால் எனக்குச் சற்று அச்சமாகவே இருக்கிறது.

யேல் பல்கலைக்கழகத்தின் ஹியூ டெய்லர் தலைமையிலான குழு 2022-இல் ஓர் ஆய்வுத் திட்டத்தை வெளியிட்டது. 2018-இல் அமெரிக்காவில் எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கு ஒப்புதல் பெற்ற எலகோலிக்ஸ் என்ற மாத்திரைதான் மருந்து. அது பிட்யூட்டரியைச் செவிடாக்குவதில்லை, காதைப் பொத்திவிடுகிறது. ஆகவே முதல் வாரத் துடிப்பு கிடையாது, நிறுத்திய சில நாட்களில் சினைப்பை விழித்துக்கொள்ளும். ஐ.வி.எஃப்-க்கு முன் எட்டு வாரம் பாதிப் பேருக்கு அந்த மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்று மருத்துவருக்கும் தெரியாது. திட்டமிட்ட எண்ணிக்கை 800 பெண்களுக்கு மேல். 2019 வரை நடந்த எட்டு ஆய்வுகளின் பெண்களையும் சேர்த்தால்கூட அந்த எண்ணிக்கை வராது. எண்ணத் திட்டமிட்டது உயிருள்ள குழந்தைகளை.

இதற்கிடையில் மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் மருத்துவர் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. மாதவிலக்கு நாளில் எழுந்து நிற்க முடியாத அளவுக்கு வலி இருக்கிறது, முட்டை எடுத்தாகிவிட்டது, கருவை வைக்க இரண்டு மாதம் இருக்கிறது என்றால் அந்த இரண்டு மாதத்துக்கு ஊசி போடுவதற்கு வலி ஒன்றே போதுமான காரணம். கரு ஒட்டுவதற்காக என்று அதற்கு வேறு பெயர் சூட்ட வேண்டியதில்லை. வலி இல்லாதவளுக்கு, முட்டை குறைவாக உள்ளவளுக்கு, முட்டை எடுக்கும் முன்பே மூன்று ஊசி என்று சீட்டில் எழுதியிருந்தால், எந்த ஆய்வை வைத்து எழுதினீர்கள் டாக்டர் என்று அவள் கேட்கலாம். கேட்பதற்கு அவளுக்கு உரிமை உண்டு. பதில் சொல்ல அவரிடம் இருப்பது 640 பெண்களின் கணக்கும் அதற்குப் பிந்திய ஒன்றிரண்டு ஆய்வுகளும்தான்.